அகலத்திரைத் தங்கை

தெருவில் அவரைக் கண்ணளவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். தையல் கடைக்குள் ஒருவர் படியேறி வருவதற்குள், தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு, எந்தப் பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கழுத்தில் நாடா எப்போதும் தொங்கும். அது வாடிக்கையாளரின் திருப்திக்காக. நாடாவை வைத்து அளந்து முடித்ததும், "நான் நினைச்ச அளவுதான்" என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம். அந்தச் சுகத்தை அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சகித்து வந்தாள்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் பெரிய டிவி ஒன்று வாங்கினார்.

கீழே கடை, மேலே வீடு. கூடத்துச் சுவரில் பாதியை அந்த டிவி பிடித்துக்கொண்டது. பழைய டிவியோடு இருந்த செட்டாப் பாக்ஸையே இதற்கும் மாட்டிவிடச் சொல்லி பாக்ஸ்காரரை வரவழைத்தார். பாக்ஸ்காரர் வயரைச் செருகி, டிவியைப் போட்டார். படம் வந்தது. ஆனால் நடுவில்தான் வந்தது. இடது பக்கம் ஒரு கறுப்புப் பட்டை, வலது பக்கம் ஒரு கறுப்புப் பட்டை.

"என்னப்பா இது, படத்துக்கு ஓரம் அடிச்சிருக்கு?"

"அப்படித்தான் சார் வரும். டிவி புது அளவு, அகலம் ஜாஸ்தி. சேனல்காரங்க இன்னும் பழைய அளவுலதான் அனுப்பறாங்க. இந்த பாக்ஸும் பழசு. உள்ள வர்றதைத்தானே அது வெளியே காட்டும்?"

"நான் முழு டிவிக்கும் காசு குடுத்திருக்கேன். துணிக்கடைக்காரன் நாலு மீட்டருக்குக் காசு வாங்கிட்டு மூணு மீட்டர் வெட்டிக் குடுத்தா, நீ சும்மா வருவியா?"

பாக்ஸ்காரருக்குத் துணிக்கடை வழக்குகளில் அனுபவம் போதாது. ரிமோட்டை எடுத்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். படம் இரண்டு பக்கமும் இழுபட்டுத் திரையை முழுக்க நிறைத்தது.

"இப்படி இழுத்து விடலாம் சார். ஆனா ஆளுங்க அகலமா தெரிவாங்க."

"தெரியட்டும். நல்லா சாப்பிடறவங்கன்னு நினைச்சுக்கறேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முதல் இரண்டு மூன்று நாள் எல்லாருமே கொஞ்சம் உப்பியிருப்பது போலத் தெரிந்தது. பிறகு கண் பழகிவிட்டது. தெருவிலேயே கறாரான கண், எல்லார் கண்ணையும் விட சீக்கிரமாகப் பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மனைவி மட்டும் ஒரு முறை, "இந்த சேனலோட முத்திரை ஏன் கோழிமுட்டை மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். "அது அவங்க டிசைன். உனக்கு என்ன?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அந்த முட்டை முத்திரை சேனலில் தினமும் மாலைச் செய்திகளின் நடுவில் வானிலை வரும். அந்த நேரத்துக்கு எப்படிப்பட்ட வாடிக்கையாளர் வந்தாலும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மாடியேறிவிடுவார். கேட்டால், "மழை வருமான்னு பாக்கணும்ல" என்பார். மழை வந்தால் நனைவதற்கு அவரிடம் எதுவும் வெளியே கிடையாது. துணி எல்லாம் கடைக்குள், அவரும் கடைக்குள். மனைவி அதையும் கேட்டுப் பார்த்தாள். "உலக நடப்பு தெரிஞ்சிருக்கணும்" என்று பதில் வந்தது.

உண்மையில், வானிலை சொன்னது அவர் தங்கை.

இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. பெரிய சொத்துத் தகராறு ஒன்றும் இல்லை. வாயால் வந்த வினை. அவளுக்கு டிவி நிலையத்தில் நேர்முகத் தேர்வு வந்திருந்த சமயம் அது. குடும்பத்தில் எல்லாரும் கூடியிருந்த ஒரு மத்தியானம், துணி அலமாரியை வரைபடமாக வைத்துக்கொண்டு, "வடக்கே மேகமூட்டம், தெற்கே லேசான தூறல்" என்று அவள் பேசிக் காட்டினாள். பெரியப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். சும்மா இருக்கலாம் அல்லவா? கண்ணளவுக்காரருக்கு நாக்கில் அரிப்பு. "உன் குரலைக் கேட்டா வர்ற மழையும் பாதி வழியிலேயே திரும்பிடும்" என்றார். கூடம் அதிரச் சிரிப்பு. அவளும்தான் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவர் பக்கத்தில் வந்து, "தேர்வுக்குப் போட்டுக்க ஒரு கோட்டு தைச்சுக் குடுண்ணா" என்று மெதுவாகக் கேட்டாள். முதல் நகைச்சுவை எடுபட்ட தெம்பில் அவர் இரண்டாவதையும் விட்டார். "உனக்கு கோட்டு ஒண்ணுதான் குறைச்சல்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்த அந்த நகரத்துக்குப் போய், தேர்வில் ஜெயித்து, டிவியில் முதல் நாள் தோன்றியபோது கடையில் வாங்கிய ரெடிமேடு கோட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். தோள் உட்காரவில்லை. அக்குளில் சுருக்கம். தையல்காரனின் தங்கை, ஊர் பார்க்க, ரெடிமேடு கோட்டில் நின்றாள். அது அவருக்குப் பெரிய அடி. தான் செய்த தப்பை அவள் செய்த தப்பால் மூடி, இரண்டையும் சேர்த்து அவள் கணக்கில் வைத்துவிட்டு, அன்றிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார். மனைவி மட்டும் எப்போதாவது நாத்தனாரோடு போனில் பேசுவாள். பேசும்போது அவர் பக்கத்து அறையில் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். ஏன் நிறுத்தினீர்கள் என்றால், நூல் அறுந்துவிட்டது என்பார். அந்த நாட்களில் நூல் நிறைய அறுந்தது.

புது டிவி வந்ததும் தங்கை பெரிதாகத் தெரிந்தாள். சின்ன வயதில் அவளுக்குக் குச்சி என்றுதான் பெயர். பள்ளிச் சீருடை தைக்கும்போது எவ்வளவு பிடித்தாலும் தொளதொளவென்று நிற்கும். அந்தக் குச்சி இப்போது தோளும் கன்னமுமாகத் திரையை நிறைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா சதை போட்டிருக்கா பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

"வயசாகுதுல்ல?"

"நம்ம வீட்ல இருந்தப்போ ஒரு கைப்பிடி கூட சாப்பிட மாட்டா."

அதைச் சொல்லும்போது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. நாம் இல்லாமலே அவள் செழிப்பாகத்தான் இருக்கிறாள் என்பது எந்த அண்ணனுக்கும் முழு சந்தோஷம் தராது. ஆனால் அந்த ரெடிமேடு கோட்டு அவரை விடவில்லை. தினமும் பார்க்கப் பார்க்க அந்தத் தோள் சுருக்கம் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தியது. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது, தலைகீழாக நின்றாலும் வராது. கோட்டு வரும். கோட்டை அனுப்பினால் அவளுக்குப் புரியாதா என்ன?

அளவு? அதற்குத்தான் கண் இருக்கிறதே.

ஒரு மாலை வானிலை ஆரம்பித்ததும், நாடாவோடு டிவியின் முன்னால் போய் நின்றார். தங்கை தலை முதல் கால் வரை தெரிய, வரைபடத்தின் முன்னால் நின்றிருந்தாள். திரையில் அவள் உயரத்தை அளந்தார். நிஜ உயரம் அவருக்கு மனப்பாடம். மிச்சமெல்லாம் கணக்குதானே. தோளைப் பிடிக்கப் போனார், அவள் நகர்ந்தாள். இடுப்பைப் பிடிக்கப் போனார், வடக்குப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"கொஞ்சம் அசையாம நில்லும்மா" என்று முணுமுணுத்தார்.

"அங்கே காது கேட்குமா?" என்றாள் மனைவி.

தங்கை கையைப் பக்கவாட்டில் நீட்டிக் கடலோர மேகத்தைக் காட்டியபோது, டக்கென்று தோளிலிருந்து மணிக்கட்டு வரை நாடாவை வைத்துக் கையின் நீளத்தையும் எடுத்துவிட்டார். இரண்டு மாலைகளில் எல்லா அளவும் கிடைத்தது. பெருக்கிப் பார்த்தபோது தோள் அளவு அவரையே ஒரு கணம் நிறுத்தியது. சதை போடலாம், தோள் எலும்பு எப்படி அகலும்? தொழில் தெரிந்த மனிதர் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். இவரோ, "டிவிக்குப் போறவங்க தோளுக்குள்ள பஞ்சு வைப்பாங்க" என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டு கத்தரியை எடுத்தார்.

நல்ல கருநீலத் துணி. கூலிக்குத் தைக்கும் எந்தக் கோட்டுக்கும் அவ்வளவு பாடுபட்டதில்லை. பொத்தான் துளைகளை மெஷினில் போடாமல் கையால் தைத்தார். முடிந்ததும் மனைவி தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது கோட்டா, கூடாரமா?"

"அவ போட்டா சரியா இருக்கும். உனக்கு அளவு தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

பார்சல் போனது. கூடவே ஒரு வரி எழுதி வையுங்கள் என்று மனைவி சொன்னாள். தையலே பேசும் என்று சொல்லிவிட்டார். தையல் பேசத்தான் செய்தது, ஆனால் அவர் நினைத்ததைப் பேசவில்லை. அதன்பின் தினமும் வானிலைக்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கருநீலம் வரவில்லை. அதே ரெடிமேடு, அதே சுருக்கம். மனைவி போன் செய்து, பார்சல் கிடைத்ததா என்று கேட்டாள். "வந்துச்சு அண்ணி" என்றாளாம். உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாளாம்.

"அவ்வளவுதானா சொன்னா?"

"அவ்வளவுதான்."

அன்று மெஷினில் நிஜமாகவே நூல் அறுந்தது. இனி நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை, கடைசிவரை இப்படித்தான் போகும் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து மனைவி தெரிந்துகொண்டாள்.

இந்த நிலையில்தான் சேனல்காரர்கள் தரத்தை மாற்றினார்கள். அடுத்த வாரம் முதல் ஒளிபரப்பு முழுவதும் புதிய அகல அளவில், உயர்ந்த தெளிவில் மட்டுமே வரும், பழைய பாக்ஸ் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளவும் என்று திரையின் அடியில் பல நாட்களாக வரி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தங்கையைப் பார்த்தாரே ஒழிய அவள் காலடியில் ஓடிய வரியைப் பார்க்கவில்லை. மாற்றிய அன்று மாலை டிவியைப் போட்டார். திரை முழுக்கக் கறுப்பு. இரண்டு பட்டைக்குச் சண்டை போட்ட மனிதருக்கு இப்போது சுவர் அளவுக்குக் கறுப்பு கிடைத்தது.

சத்தம் மட்டும் வந்தது.

"பாக்ஸ் மாத்தணுமாம்ங்க" என்றாள் மனைவி, தெருவில் விசாரித்துவிட்டு.

"எதுக்கு? டிவி புதுசு. பாக்ஸ் நல்லா ஓடிட்டிருந்துச்சு. மாத்தினது அவங்க, அவங்களே சரி பண்ணட்டும்."

அவர்கள் சரி பண்ணவில்லை. அவருக்காக ஒரு நிலையமே பின்வாங்கும் என்று எதிர்பார்த்து அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வானிலை நேரம் வந்தது. கறுப்புத் திரைக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது.

படம் இருந்தவரை அவர் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. பார்த்தது கோட்டை, தோளை, சுருக்கத்தை. இப்போது பார்க்க ஒன்றும் இல்லாததால் கேட்க வேண்டியதாயிற்று. மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். அவசரப்படாத, தெளிவான குரல். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அவள் சொன்னபோது, கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, போகக்கூடாது என்று இவருக்கே தோன்றியது. எத்தனை வீடுகளில் இந்தக் குரலை நம்பிக் குடை எடுத்துக்கொண்டு போகிறார்களோ. இந்தக் குரலையா அன்று அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னோம் என்று நினைத்தபோது, இருட்டுத் திரையில் தெரிந்த தன் முகத்தையே அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் அந்தக் குரல் நடுவில் நின்றது. ஒரு இருமல். மன்னிக்கவும் என்று சொல்லித் தொடர்ந்தாள். மறுபடியும் இருமல். அடுத்த நாளும் இருந்தது.

"கேட்டியா?" என்று எழுந்து நின்றார்.

"இருமல்தானே?"

"எப்படி இருக்கான்னு முகத்தைப் பார்க்காம எப்படித் தெரியும்? அந்த பாக்ஸ்காரரைக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு."

பாக்ஸ்காரர் மறுநாள் புதுப் பெட்டியோடு வந்தார். பழைய பெட்டிக்குப் புது ஒளிபரப்பின் படத்தைப் பிரிக்கத் தெரியாது, சத்தம் மட்டும் பழைய முறையிலேயே வருவதால் அது கேட்டது என்று வயரைச் செருகியபடியே சொன்னார். "இனிமே இழுத்து விட வேண்டியதில்ல சார். படமே முழு அகலத்துக்கு வருது. அந்தப் பழைய செட்டிங்கை எடுத்துட்டேன். ஆளுங்க இருக்கற மாதிரியே தெரிவாங்க."

"ம், ம்" என்றார் கண்ணளவுக்காரர். கண் கடிகாரத்தில் இருந்தது. காது எங்கேயோ இருந்தது.

பாக்ஸ்காரர் படியிறங்குவதற்குள் செய்தி ஆரம்பித்துவிட்டது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. செய்தி வாசிப்பவரின் மேஜையில் இருந்த தண்ணீர்க் குவளையில் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று தெரிந்தது. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. வானிலைக்காகக் காத்திருந்தார்.

தங்கை வந்தாள்.

கண்ணளவுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன வாரம் வரை திரை நிறைய நின்றவள், இப்போது ஒரு கீற்றாக நின்றாள். கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே நிழல். காதோரம் இரண்டு நரை, ஒவ்வொன்றாக எண்ணலாம். ரெடிமேடு கோட்டின் கைவிளிம்பில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. வடக்கைக் காட்டக் கை நீட்டினாள். அந்தக் கை குட்டையாகிவிட்டது. எந்த வியாதியில் கை குட்டையாகும் என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. அவள் லேசாக இருமினாள். அவ்வளவுதான்.

"உருக்குலைஞ்சு போயிட்டாளே... பாதி ஆளா ஆயிட்டாளே! என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே! போனை எடு. அவ நம்பரைப் போடு."

"நீங்களா பேசப் போறீங்க?"

"போடுன்னு சொன்னா போடு!"

வானிலை முடிந்து விளம்பரம் வரும்வரை அறைக்குள் நடந்தார். பிறகு மனைவி எண்ணைப் போட்டுக் கொடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"நான்தான்."

அவள் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"உனக்கு உடம்புக்கு என்ன?"

"என்ன?"

"மறைக்காதே, எனக்கு எல்லாம் தெரியும். டாக்டர்கிட்ட காட்டினியா? என்ன சொன்னாங்க? எவ்வளவு நாளா இப்படி?" அவள் பதில் சொல்ல இடமே கொடுக்கவில்லை. வருடக்கணக்காக வராத வார்த்தைகள் இப்போது மடை உடைத்துக்கொண்டு வந்தன. "இங்க பாரு, நான் அன்னிக்கு சொன்னது தப்பு. உன் குரல் நல்ல குரல். ஒரு வாரமா படம் இல்லாம உன் குரலை மட்டும்தான் கேட்டேன். கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. கோட்டு கேட்டப்போ தைச்சுக் குடுத்திருக்கணும். குடுக்காம விட்டது என் திமிரு. மன்னிச்சுக்கோ. அதை மனசுல வெச்சுக்காம உடம்பைப் பாரு. நாங்க இன்னிக்கே கிளம்பி வர்றோம்."

மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணா..." தங்கையின் குரல் கரகரத்தது. "எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. ஸ்டுடியோ ஏசில தொண்டை கட்டிக்கிச்சு. இப்ப சரியாயிட்டு வருது."

"அப்புறம் ஏன் இப்படி இளைச்சுட்டே?"

"நான் எங்க இளைச்சேன்? நான் எப்பவும் இதே குச்சிதான்."

"பொய் சொல்லாதே! போன வாரம் வரைக்கும் எவ்வளவு தெம்பா இருந்தே. நான்தான் தினமும் பாத்தேனே."

"தினமும் பாத்தியா?"

அவர் மாட்டிக்கொண்டார். "மழை வருமான்னு பாப்பேன்" என்றார், பாதிக் குரலில்.

இதற்குள் டிவியில் விளம்பரம் முடிந்து செய்தி திரும்ப வந்திருந்தது. மனைவி திரையைக் கூர்ந்து பார்த்தாள். "ஏங்க, செய்தி வாசிக்கிறவரும்தான் இளைச்சிருக்கார். அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற பொண்ணும் இளைச்சிருக்கு. சேனல் முழுக்க ஒரே நாள்லயா வியாதி வரும்?" பிறகு திரையின் மூலையைக் காட்டினாள். "அந்த முத்திரையைப் பாருங்க. முட்டை எங்கே போச்சு?"

மூலையில் முத்திரை நல்ல உருண்டையாக இருந்தது. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி உருண்டை.

போனைக் காதில் வைத்தபடியே அவர் அதைப் பார்த்தார். 'ஆளுங்க அகலமா தெரிவாங்க' என்று பாக்ஸ்காரர் சொன்னது, இத்தனை நாள் கழித்து, இப்போதுதான் காதில் விழுந்தது. நாலு மீட்டர், மூன்று மீட்டர் என்று தானே வாதாடியதும் ஞாபகம் வந்தது. மூன்று மீட்டர் தங்கையை நாலு மீட்டருக்கு இழுத்து வைத்து, அந்த இழுத்த தங்கைக்கு நாடா பிடித்திருக்கிறார். தோளுக்குள் பஞ்சு இல்லை. பஞ்சு இருந்தது வேறு இடத்தில்.

"அண்ணா, இருக்கியா?"

"இருக்கேன்."

"அண்ணி சொன்னது இங்க கேட்டுச்சு. அந்தக் கருநீலக் கோட்டு... டிவியைப் பாத்தா அளவு எடுத்தே?"

"ம்."

"நான் அதுக்குள்ள போய் நின்னேன். என்னை மாதிரி இன்னொருத்தி கூட உள்ள வரலாம். கை முழங்காலைத் தொட்டுச்சு. குச்சிக்குக் கூடாரம் தைச்சு அனுப்பி, நீ மறுபடியும் கேலி பண்றேன்னு நினைச்சேன். ஒரு வரி கூட எழுதலையே நீ. அன்னிக்கு முழுக்க அழுதுட்டிருந்தேன்."

அந்தப் பொத்தான் துளைகளை அவர் கையால் தைத்த ராத்திரிகளில், அவள் சிரித்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டு தைத்தார்.

"கேலி இல்லம்மா. சத்தியமா கேலி இல்ல."

"இப்ப தெரியுது."

அவருக்குள் இருந்த பழைய ஆள் எட்டிப் பார்க்க அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்போ உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"நல்லா சாப்பிடறே, தூங்கறே."

"ஆமா."

"அப்படின்னா நான் இப்ப பதட்டத்துல சொன்னதெல்லாம்..."

"சொன்னது சொன்னதுதான். திருப்பித் தர மாட்டேன்."

மனைவி சிரித்த சிரிப்பு கீழே கடை வரை கேட்டிருக்கும்.

அடுத்த விடுமுறைக்கு அவள் வந்தாள். ரயிலடியிலிருந்து அந்தக் கருநீலக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டாள். முன்பக்கத்தை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, இடுப்பில் பெல்ட் கட்டி, கைகளை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். தெருவில் எதிர்ப்பட்ட நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணளவுக்காரர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தையல் அருமையா இருக்குண்ணா" என்றாள். "இதுக்குள்ள ஆள்தான் இல்ல."

"கழட்டு அதை."

கடைக்குள் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். கழுத்திலிருந்து நாடாவை எடுத்தார். எந்த வாடிக்கையாளருக்கும் அவ்வளவு மெதுவாக அளந்ததில்லை. தோளில் வைத்துப் பார்த்தார். எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார். சின்ன வயதில் சீருடைக்கு அளவெடுக்கும்போது, கெட்டியாகத் தெரிய வேண்டும் என்று அவள் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துவாள். அந்த ஞாபகத்தில், "மூச்சை விடு" என்றார்.

"விட்டுட்டுத்தான் நிக்கறேன்."

"பொய்."

அவள் சிரித்துக்கொண்டே மூச்சை விட்டாள். நாடா இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவர் அப்படியே கொஞ்ச நேரம் நாடாவைப் பிடித்தபடி நின்றார்.

மனைவி மேஜையில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு வருடம் சகித்தவளுக்கு இந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிட மனம் வருமா?

"என்னங்க, நீங்க நினைச்ச அளவுதானா?"

கண்ணளவுக்காரர் நாடாவைப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த தங்கையைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "நான் நினைச்ச அளவு இல்ல."